வெளிமாநில டிக்கெட், முடங்கிய லைசென்ஸ்: அமெரிக்காவில் கார் இன்சூரன்ஸுக்கு எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

நியூஜெர்சியிலிருந்து சார்லட்டுக்குக் காரில் போகிறவர்கள் வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் தாண்டி ஐ-85 நெடுஞ்சாலையில் ஏறியதும் கால் தானாக அழுந்தும். அங்கே வேக எல்லை 70 மைல். முள் 86ஐத் தொட்டுவிட்டால் அது வெறும் வேக டிக்கெட் (போலீஸ் கொடுக்கும் அபராதச் சீட்டு) அல்ல. எல்லையைவிட 20 மைல் கூடினாலோ, எல்லை எதுவானாலும் 85ஐத் தாண்டினாலோ, வர்ஜீனியாவின் 46.2-862ஆம் பிரிவில் அது ‘ரெக்லஸ் டிரைவிங்’. கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது குற்ற வழக்கு. உச்சபட்சமாக 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம். போலீஸ்காரர் கொடுக்கும் தாள் பார்வைக்கு மற்ற டிக்கெட் மாதிரியே இருக்கும். சட்டப் பிரிவு எழுதிய இடத்தைப் படித்தால்தான் வில்லங்கம் தெரியும்.

இன்சூரன்ஸ் கணக்கும் அந்தப் பிரிவு எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. நியூஜெர்சியின் மோட்டார் வாகன ஆணையம் வெளிமாநிலத்தில் நடந்த ஓட்டுநர் குற்றத்துக்கு 2 பாயின்ட்தான் போடும். அதே ரெக்லஸ் டிரைவிங்கை நியூஜெர்சிக்குள்ளேயே செய்திருந்தால் 5 பாயின்ட். ‘ரெண்டுதானே’ என்று நிம்மதியாகி அபராதத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் அடுத்த ரினீவலில் பிரீமியத்தைப் பார்த்து முழிப்பார்கள். காரணம் எளிது. மாநிலம் போடும் பாயின்ட் லைசென்ஸை முடக்கலாமா என்று பார்ப்பதற்கு. இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பாயின்டை நம்பி விலை வைப்பதில்லை. பதிவில் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று பார்த்துத் தன் அட்டவணைப்படி ஏற்றும். அந்த அட்டவணையில் ‘ரெக்லஸ்’ என்பது பெரும்பாலும் பெரிய குற்றங்களின் வரிசையில், குடித்துவிட்டு ஓட்டுவதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள்?

ஏஜென்டுக்குப் போன் போடுவதற்கு முன் இதைத் தீர்மானியுங்கள். டிக்கெட் கையில் இருக்கிறது, தீர்ப்பு வரவில்லை என்றால் அது ஒரு கட்டம். தீர்ப்பு வந்து பதிவேறிவிட்டது, லைசென்ஸ் மட்டும் தப்பியிருக்கிறது என்றால் அது வேறு. ஏதோ ஒரு மாநிலம் உங்கள் லைசென்ஸையோ, தன் எல்லைக்குள் நீங்கள் ஓட்டும் உரிமையையோ முடக்கிவிட்டது என்றால் அது மூன்றாவது. முதல் கட்டத்தில் இருப்பவர் பயந்துபோய் மூன்றாம் கட்டத்துக்கான கம்பெனியில் அதிக விலைக்குப் பாலிசி வாங்குவார். மூன்றாம் கட்டத்தில் இருப்பவர் ஒன்றும் நடக்காதது போல ஆன்லைனில் மலிவான விலையைத் தேடிக்கொண்டிருப்பார். பணம் அதிகமாகக் கரைவது இந்த இரண்டு இடங்களில்தான்.

வெளிமாநிலச் சேதி வீடு வந்து சேரும் வழிகள் மூன்று. 1960களில் தொடங்கிய டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட் என்ற ஒப்பந்தத்தில் 45 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் இருக்கின்றன. ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், மிச்சிகன், டென்னசி, விஸ்கான்சின் ஆகிய ஐந்தும் சேரவில்லை. ‘நம்ம ஸ்டேட் அதுல இல்லை’ என்று இதை வைத்து நிம்மதி அடைய முடியாது. மிச்சிகன் வெளிமாநிலத் தீர்ப்புகளை வாங்கித் தன் பாயின்டையே போடுகிறது; மாசசூசெட்ஸில் வெளிமாநிலக் குற்றமும் கூடுதல் பிரீமியக் கணக்கில் சேரும். நியூயார்க்கின் போக்கு நேர்மாறு. வெளிமாநிலத்துச் சாதாரண வேக டிக்கெட்டுக்கு அங்கே பாயின்ட் கிடையாது, ஆனால் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் டிக்கெட்டுகளுக்கு உண்டு! நயாகரா போய்வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஒப்பந்தம் டிக்கெட்டைக் கட்டாமல் விட்டவர்களுக்கானது. நான்-ரெசிடென்ட் வயலேட்டர் காம்பாக்ட் என்று பெயர். வேறு மாநிலத்து கோர்ட்டுக்குப் பதில் சொல்லாவிட்டால் அந்த மாநிலம் உங்கள் மாநிலத்துக்கு எழுதும். நீங்கள் போய்த் தீர்க்கும்வரை உங்கள் மாநிலம் லைசென்ஸை முடக்கி வைக்கும். அலாஸ்கா, கலிஃபோர்னியா, மிச்சிகன், மான்டானா, ஒரெகன், விஸ்கான்சின் இதில் இல்லை. அங்கேயும் மூன்றாவது வழி திறந்திருக்கிறது: மத்திய அரசின் நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டர். எந்த மாநிலம் முடக்கியிருந்தாலும் பெயர் இதில் ஏறும். லைசென்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ போகும்போது எல்லா மாநிலமும் இதைத் தட்டிப் பார்க்கும். ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு பழைய டிக்கெட் கவுன்டரில் வந்து நிற்பது இப்படித்தான்.

ஜார்ஜியாவின் ‘சூப்பர் ஸ்பீடர்’ இதற்கு நல்ல உதாரணம். இருவழிச் சாலையில் 75, மற்ற எந்தச் சாலையிலும் 85 அல்லது அதற்கு மேல் போனால், கோர்ட் அபராதம் தவிர மாநிலத்துக்குத் தனியாக 200 டாலர். இந்த 200க்கான கடிதம் கோர்ட் வேலை முடிந்தபின் தபாலில் வரும். புராஜெக்ட் மாறி, அபார்ட்மென்ட் மாறி, டி.எம்.வி.யில், அதாவது மாநில மோட்டார் வாகனத் துறையில், முகவரி மாற்றாதவருக்கு அது போய்ச் சேராது. கெடு தாண்டினால் ஜார்ஜியாவில் ஓட்டும் உரிமை முடங்கும், மேலே 50 டாலர். கோர்ட்டில் எல்லாம் கட்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆள், முடங்கிய நிலையில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே முதலில் காகிதங்களைச் சேருங்கள். உங்கள் மாநில டி.எம்.வி.யின் முழு ஓட்டுநர் பதிவு ஒன்று. டிக்கெட் கொடுத்த மாநிலத்தில் உங்கள் பெயரில் என்ன நிலுவை என்பது ஒன்று. நேஷனல் டிரைவர் ரெஜிஸ்டருக்கு நோட்டரி கையெழுத்துடன் கடிதம் எழுதினால் எந்த மாநிலம் பெயரை ஏற்றியிருக்கிறது என்று இலவசமாகச் சொல்வார்கள். விபத்து, கிளெய்ம் சரித்திரத்துக்கு லெக்சிஸ்நெக்சிஸ் நிறுவனத்தின் ‘க்ளூ’ அறிக்கை. ஏழு வருடம் பின்னோக்கிப் போகும், வருடத்துக்கு ஒரு முறை இலவசம். இன்சூரன்ஸ் கம்பெனி பார்க்கப் போகும் தாள்களை அவர்களுக்கு முன் நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

தீர்ப்பு வரவில்லை என்றால்: கட்டுவதா, வழக்காடுவதா

இங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒப்பிடுவதில் பயனே இல்லை. ஒப்பிட வேண்டியது வக்கீல் கட்டணத்தையும் வரப்போகும் கூடுதல் பிரீமியத்தையும்தான். கணக்குக்கு ஒரு எண் எடுத்துக்கொள்வோம். ஆறு மாதப் பிரீமியம் 900 டாலர், அது 30 சதவீதம் ஏறுகிறது என்றால் தவணைக்கு 270. சாதாரணக் குற்றத்துக்கு மூன்று வருடம் பார்ப்பது பரவலான வழக்கம், அதாவது ஆறு தவணை, 1,620 டாலர். வக்கீல் 500 கேட்கிறார் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. கம்பெனி பெரிய குற்றமாக எடுத்து ஐந்து வருடம் பார்த்தால் வித்தியாசம் இன்னும் அகலும். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வக்கீல் டிக்கெட் விழுந்த கவுன்டியை (மாவட்டம் மாதிரி) சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் உங்கள் நண்பரின் வக்கீல் வேண்டாம். அந்த கோர்ட்டில் எது நடக்கும், எந்த நீதிபதி எதற்கு இறங்கிவருவார் என்பதற்குத்தான் காசு. வர்ஜீனியாவில் வக்கீல் முதலில் சொல்லும் வேலை காரின் ஸ்பீடோமீட்டரைக் கடையில் சோதித்து சான்றிதழ் வாங்கி வருவது. முள் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறது என்று வந்தால் அது கைகொடுக்கும். டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் வகுப்பை முன்கூட்டியே முடித்துச் சான்றிதழோடு போவதும் உதவும். 46.2-869ஆம் பிரிவின் ‘இம்ப்ராப்பர் டிரைவிங்’ என்று இறங்கினால் குற்ற வழக்கு போய்ச் சாதாரண விதிமீறல் ஆகிவிடும். இறங்காவிட்டால் ரெக்லஸ் தீர்ப்பு வர்ஜீனியா பதிவில் 11 வருடம் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் அபராதம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று பொருள். ‘சும்மா கட்டிட்டேன், வழக்கு முடிஞ்சுது’ என்பது தவறான வாக்கியம். வழக்கு உங்களுக்கு எதிராக முடிந்தது. விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மிஸ்டிமீனர் என்பது குடியேற்ற விண்ணப்பங்களில் கேட்கப்படும் விஷயம். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். அதை இன்சூரன்ஸ் ஏஜென்டிடமோ வாட்ஸாப் குழுவிலோ கேட்காமல் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள்.

பதிவேறிவிட்டது, லைசென்ஸ் இருக்கிறது: இருப்பதா, மாறுவதா

பெரும்பாலும் இருக்கும் கம்பெனியிலேயே அடுத்த ரினீவல்வரை இருப்பதுதான் புத்திசாலித்தனம். கம்பெனிகள் ஒவ்வொரு ரினீவலுக்கும் ஓட்டுநர் பதிவைக் காசு கொடுத்து எடுப்பதில்லை. சிலர் ஒன்றுவிட்டு ஒன்று, சிலர் வருடத்துக்கு ஒரு முறை. புதிதாக விண்ணப்பித்தால் பதிவை நிச்சயம் எடுப்பார்கள். டிக்கெட் வந்த மறுநாளே பதறிப்போய் வேறு கம்பெனிக்குத் தாவுவது, யாரும் பார்க்காத தாளை நாமே எடுத்து நீட்டுவது மாதிரி.

ரினீவல் தாளில் விலை ஏறி வந்துவிட்டதா, அப்போது மாறிப் பார்க்கலாம். ஒரே குற்றத்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி ஏற்றம் வெகுவாக மாறும். சுத்தமான பதிவுக்கு மலிவாக இருந்த கம்பெனி கறைபட்ட பதிவுக்கும் மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஸ்டேட் ஃபார்ம் போன்றவற்றின் ஏஜென்ட் தன் கம்பெனி விலையைத்தான் சொல்வார். கைகோவில் நேரடியாகப் பார்க்கலாம். பல கம்பெனிகளை வைத்திருக்கும் இன்டிபென்டன்ட் ஏஜென்ட் ஒருவரிடம் ஒரே தகவலைக் கொடுத்து ஐந்தாறு விலை வாங்குவது இந்த நிலையில் இருப்பவருக்கு அதிகப் பலன் தரும். புரோகிரசிவ் இரண்டு வழியிலும் விற்கிறது. இரண்டிலும் விலை ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் கேள்வி ‘எந்த மாநிலத்திலாவது, கடந்த மூன்று அல்லது ஐந்து வருடங்களில்’ என்றுதான் இருக்கும். உண்மையை எழுதுங்கள். 86ல் போனதை ‘ஸ்பீடிங்’ என்று தேர்ந்தெடுத்தால் விலை அழகாக வரும். பதிவில் ‘ரெக்லஸ்’ என்று இருந்தால் அந்த விலை நிற்காது. பல மாநிலங்களில் முதல் 60 நாட்களுக்குள் கம்பெனி பதிவைச் சரிபார்த்து விலையை ஏற்றலாம், அல்லது பாலிசியையே ரத்து செய்யலாம். அதற்குள் பழைய பாலிசியை நிறுத்தியிருப்பீர்கள். இரண்டும் இல்லாத நாட்கள் ‘இடைவெளி’யாகப் பதிவாகி, டிக்கெட்டைவிடப் பெரிய செலவை வைக்கும். கிளெய்ம் நேரத்தில் பொய் தெரிந்தால் பாலிசி ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொல்லும் உரிமையும் பல இடங்களில் கம்பெனிக்கு உண்டு. தேதியிலும் கவனம் வேண்டும். குற்றம் நடந்த நாளிலிருந்து எண்ணும் கம்பெனி உண்டு, தீர்ப்பு நாளிலிருந்து எண்ணும் கம்பெனியும் உண்டு. வழக்கு எட்டு மாதம் இழுத்திருந்தால் இந்த வித்தியாசமே ஒரு தவணைக்கும் மேல்.

போனிலோ, காரில் செருகும் கருவியிலோ ஓட்டும் விதத்தை அளந்து தள்ளுபடி தரும் திட்டங்களைப் பரிகாரமாகச் சொல்வார்கள். புரோகிரசிவின் ஸ்னாப்ஷாட் போன்றவை பல மாநிலங்களில் விலையை ஏற்றவும் செய்யும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஓட்டுகிறவர், நெரிசலில் அடிக்கடி பிரேக் அடிக்கிறவர் சேராமல் இருப்பதே நல்லது.

கலிஃபோர்னியாவில் கணக்கு கொஞ்சம் தனி. 1988ல் வந்த 103ஆம் பிரேரணைப்படி ‘குட் டிரைவர்’ தகுதி உள்ளவருக்கு 20 சதவீதத் தள்ளுபடி கட்டாயம். மூன்று வருடத்தில் ஒரு பாயின்ட்வரை அந்தத் தகுதி போகாது. குடித்துவிட்டு ஓட்டிய தீர்ப்பு இருந்தால் பத்து வருடத்துக்குப் போய்விடும்.

‘நான்-ஸ்டாண்டர்ட்’ கம்பெனிகள்

பெரிய கம்பெனிகள் கைவிரித்தால் போகும் இடம் இது. டெய்ரிலேண்ட், தி ஜெனரல், ஃபார்மர்ஸ் குழுமத்தின் பிரிஸ்டல் வெஸ்ட் போன்றவை இந்த வியாபாரத்துக்கென்றே இருப்பவை. லைசென்ஸ் முடங்கியவரிடம் மாநிலம் கேட்கும் எஸ்.ஆர்-22 என்ற உத்தரவாதச் சீட்டைத் தாக்கல் செய்வது இவர்களுக்கு அன்றாட வேலை. பல நேரம் அன்றே முடித்துவிடுவார்கள். அது இவர்களின் பலம்.

விலையை மட்டும் பார்த்தால் பலவீனம் தெரியாது. மாதத் தவணைக்குத் தனிக் கட்டணம், புரோக்கர் கட்டணம், தவணை ஒரு நாள் தவறினாலும் ரத்து என்று அடுக்கடுக்காக இருக்கும். இந்த வகைப் பாலிசி சிலவற்றில் ஒரு வரி ஒளிந்திருக்கும்: பட்டியலில் இல்லாத ஒருவர் உங்கள் அனுமதியோடு ஓட்டி இடித்தால் காப்பீட்டுத் தொகை மாநிலத்தின் குறைந்தபட்ச அளவுக்கு இறங்கிவிடும். 100,000 என்று வாங்கிய பாலிசி அன்றைக்கு 30,000 ஆகிவிடலாம். பெயர் எழுதிய ஓட்டுநருக்கு மட்டுமே செல்லும் பாலிசிகளும் உண்டு. வார இறுதியில் நண்பர்கள் காரை மாற்றி மாற்றி ஓட்டும் வீட்டில் இது பெரிய ஓட்டை. வாங்கும் முன் ஏஜென்டிடம் ‘வேறொருவர் ஓட்டினால் லிமிட் குறையுமா?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மூன்று வருடம் கறையில்லாமல் ஓட்டிவிட்டுப் பெரிய கம்பெனிக்குத் திரும்புவதுதான் குறிக்கோள். இங்கேயே குடியிருக்க வேண்டாம்.

லைசென்ஸ் முடங்கியவர்: எஸ்.ஆர்-22

எஸ்.ஆர்-22 என்பது இன்சூரன்ஸ் அல்ல. ‘இந்த ஆளுக்கு எங்களிடம் பாலிசி இருக்கிறது, நின்றால் சொல்கிறோம்’ என்று கம்பெனி மாநிலத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதச் சீட்டு. தாக்கல் கட்டணம் 15 முதல் 50 டாலருக்குள் முடிந்துவிடும். பணம் போவது அதோடு வரும் பிரீமியத்தில். பாலிசி நின்றால் கம்பெனி மாநிலத்துக்கு எஸ்.ஆர்-26 என்ற ரத்து அறிவிப்பை அனுப்பும், லைசென்ஸ் மறுபடி முடங்கும், பல மாநிலங்களில் காலக்கெடுவும் முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். ஆகவே இந்தப் பாலிசியில் மாதத் தவணை வேண்டாம், முடிந்தால் ஆறு மாதத்தையும் ஒன்றாகக் கட்டிவிடுங்கள். காலாவதியான கிரெடிட் கார்டால் ஆட்டோ-பே தவறி, இரண்டரை வருடம் காத்தது வீணாகப்போவது இந்தத் துறையில் சலித்துப்போன கதை.

டெலவேர், கென்டக்கி, மின்னசோட்டா, நியூ மெக்சிகோ, நியூயார்க், நார்த் கரோலினா, ஓக்லஹோமா, பென்சில்வேனியா ஆகிய எட்டும் எஸ்.ஆர்-22 கேட்பதில்லை. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கும். இல்லினாய் உங்களிடம் எஸ்.ஆர்-22 கேட்டது, வேலை மாறி பிட்ஸ்பர்க் வந்துவிட்டீர்கள். பென்சில்வேனியாவில் அப்படி ஒன்று இல்லை என்பதால் இல்லினாயின் கோரிக்கை தானாக மறையாது. அது தீரும்வரை அந்த முடக்கம் பின்தொடரும். இல்லினாய் விலக்கு தராவிட்டால், பாலிசி பென்சில்வேனியாவில் இருக்கும், சீட்டு இல்லினாய்க்குப் போக வேண்டும். அந்தக் கம்பெனிக்கு இல்லினாயிலும் உரிமம் இருக்க வேண்டும், இப்படி மாநிலம் தாண்டித் தாக்கல் செய்ய அது சம்மதிக்கவும் வேண்டும். தொகையிலும் ஒரு பொறி உண்டு. பென்சில்வேனியாவின் குறைந்தபட்சம் 15,000/30,000/5,000 டாலர் (காயத்துக்கு ஒருவருக்கு / ஒரு விபத்துக்கு / சொத்துச் சேதத்துக்கு), இல்லினாயினுடையது 25,000/50,000/20,000. உள்ளூர் குறைந்தபட்சத்தில் பாலிசி எடுத்தால் இல்லினாய்க்குப் போதாது. போனில் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: ‘என் பாலிசி பென்சில்வேனியாவுக்கு, எஸ்.ஆர்-22 இல்லினாய்க்கு, லிமிட் குறைந்தது 25/50/20, உங்களால் முடியுமா?’ முடியாது என்றால் அடுத்த கம்பெனி. முதலில் எல்லா விவரமும் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து இதைக் கேட்பதில் பொருளில்லை.

ஃப்ளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கு எஃப்.ஆர்-44 என்று இதைவிடக் கனமான சீட்டு. ஃப்ளோரிடா 100,000/300,000/50,000 கேட்கிறது. வர்ஜீனியா தன் குறைந்தபட்சத்தைப்போல இரண்டு மடங்கு கேட்கிறது. ஃப்ளோரிடாவில் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டும்படி இருக்கும்.

சீட்டில் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், வழக்கு எண், பாலிசி எண் ஆகியவற்றோடு ‘ஓனர்’ அல்லது ‘ஆபரேட்டர்’ என்ற குறிப்பும் இருக்கும். நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்ததால் விசாவில் ‘எஃப்.என்.யு.’ (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், முதல் பெயர் தெரியாது) என்று வந்து, அதுவே ஒரு மாநில லைசென்ஸில் முதல் பெயராக ஏறியிருக்கும். அடுத்த மாநிலத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக மாறியிருக்கும். இன்சூரன்ஸில் மூன்றாவது விதமாக எழுதியிருப்பார்கள். எஸ்.ஆர்-22 கேட்ட மாநிலத்தின் பதிவில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, லைசென்ஸ் எண்ணும் அங்கே என்னவோ, அப்படியே சீட்டிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி ‘அனுப்பிவிட்டோம்’ என்று சொல்லும், டி.எம்.வி. ‘வரவில்லை’ என்று சொல்லும், இரண்டும் உண்மையாக இருக்கும். தாக்கலான ஒரு வாரத்துக்குப் பின் மாநிலத்தின் இணையதளத்திலோ போனிலோ ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கார் இல்லாதவருக்கு ‘நான்-ஓனர்’ பாலிசி

காரை விற்றுவிட்டவர், மெட்ரோவில் போகிறவர், ஆனால் லைசென்ஸை மீட்க எஸ்.ஆர்-22 வேண்டும் என்பவருக்கு இதுதான் மலிவான வழி. இரவல் காரை ஓட்டி யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்குக் காப்பீடு. ஓட்டிய காரின் சேதத்துக்கு இல்லை. வாடகைக் கார் நசுங்கினாலும் இல்லை. வீட்டில் இருக்கும் காரை, அதாவது மனைவி அல்லது அறைத்தோழர் காரை வழக்கமாக ஓட்டுகிறவருக்கு இது செல்லாது. கார் வாங்கிய அன்றே ஓனர் பாலிசியாக மாற்ற வேண்டும். டீலரிடம் சாவி வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆபத்து.

மனைவியின் பாலிசியிலிருந்து கணவர் பெயரை விலக்கிவிடலாமா?

ஒருவர் பதிவு கெட்டு, மற்றவர் பதிவு சுத்தமாக இருக்கும் வீட்டில் எழும் கேள்வி. சில மாநிலங்களில் ஒருவரை ‘எக்ஸ்க்ளூடட் டிரைவர்’ ஆக எழுதிக் கொடுக்கலாம். பிரீமியம் சட்டென்று இறங்கும். ஆனால் அவர் அவசரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவர அந்தக் காரை எடுத்து இடித்தால் ஒரு டாலரும் கிடைக்காமல் போகலாம். எஸ்.ஆர்-22வும் அந்தப் பாலிசியை வைத்துக் கிடைக்காது. அவர் உண்மையாகவே ஓட்டப் போவதில்லை, சாவி எடுக்கப் போவதில்லை என்றால் இது நல்ல வழி. விலக்கப்பட்டவர் நான்-ஓனர் பாலிசி எடுக்க முடியுமா என்பதைக் கம்பெனியிடம் தனியாகக் கேட்க வேண்டும். ‘அப்பப்போ ஓட்டுவார்’ என்றால் விலக்காதீர்கள், விலையைக் கொடுத்துவிடுங்கள். லைசென்ஸ் முடங்கியதைக் கம்பெனியிடம் மறைப்பதும் எடுபடாது. பாலிசியின் நடுவிலேயே ரத்து செய்யப் பல மாநிலச் சட்டங்கள் அனுமதிக்கும் காரணங்களில் அது ஒன்று.

யாரும் தரவில்லை என்றால்

ஒவ்வொரு மாநிலத்திலும் கடைசிக் கதவு ஒன்று இருக்கிறது. டெக்சஸில் டி.ஏ.ஐ.பி.ஏ. என்ற அமைப்பு; கடந்த 60 நாட்களில் இரண்டு கம்பெனி மறுத்திருக்க வேண்டும், அதன் உரிமம் பெற்ற ஏஜென்ட் மூலம்தான் போக முடியும். கலிஃபோர்னியாவில், யாரும் ஏற்காதவர்களைக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அசைன்டு ரிஸ்க் திட்டம். மேரிலாந்தில் மாநிலமே நடத்தும் மேரிலாந்து ஆட்டோ. நார்த் கரோலினாவில் கம்பெனி உங்களை ஏற்றுக்கொண்டு, நட்டத்தை ரீஇன்சூரன்ஸ் ஃபெசிலிட்டி என்ற பொதுப் பானையில் தள்ளிவிடும். உங்களுக்கு வித்தியாசம் விலையில் மட்டும் தெரியும். இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகைதான் தரும். நான்-ஸ்டாண்டர்ட் கம்பெனி ஒன்று ‘சரி’ என்றால் அதையே எடுங்கள்.

மீட்கும் வரிசை

லைசென்ஸ் மீட்பதில் வரிசை மாறினால் மாதக்கணக்கில் போய்விடும். முடக்கிய மாநிலத்தில் அபராதம், கட்டணம் எல்லாவற்றையும் தீர்த்து, தீர்ந்தது என்று எழுத்தில் வாங்க வேண்டும். கோர்ட்டில் கட்டியது டி.எம்.வி.க்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி உட்காராதீர்கள்; கோர்ட் குமாஸ்தாவிடம் எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். பிறகு எஸ்.ஆர்-22. அதன் பின் சொந்த மாநிலத்தில் மீட்புக் கட்டணம். இவை மூன்றும் முடிந்து, நிலை ‘வேலிட்’ என்று திரையில் வந்த பின்புதான் ஸ்டீயரிங் பக்கம் போக வேண்டும். நடுவில் ஓட்டிப் பிடிபட்டால் அது முதல் டிக்கெட்டைவிடக் கனமான வழக்கு.

எஸ்.ஆர்-22 காலம் டெக்சஸில் தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு வருடம்; கலிஃபோர்னியா, இல்லினாயில் பொதுவாக மூன்று. கடைசி நாளை நீங்களே விரல்விட்டு எண்ண வேண்டாம். கேட்ட மாநிலத்திடம் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதுக் கம்பெனி விலைகளைப் பார்த்து வைத்து, தேதி தாண்டிய பின் பழைய கம்பெனியிடம் சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். கம்பெனி தானாக எடுக்காது. நாலு நாள் முன்னால் எடுத்துவிட்டாலும் எஸ்.ஆர்-26 போய்ச் சேர்ந்து, முடங்கிய லைசென்ஸோடு மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.